பிஸ்தா இருக்கிறது, பாதாம் எங்கே?

ஓசூரில் துப்பறியும் தொழில் என்றால் பெரும்பாலும் மாப்பிள்ளை பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா என்று கண்டுபிடிப்பதுதான். சுகுணாவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள், டயர் கடை மாடியில், ‘சுகுணா விசாரணை நிலையம்’ என்ற பலகைக்குப் பின்னால். அதற்கு முன்பு பல வருஷம் ஒரு தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். டிபன் பாக்ஸில் சாதம் போகிறதா, பேரிங் போகிறதா என்பதை மூடியைத் திறக்காமலே, தூக்கிப் போகிறவன் தோளைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். வேலையை விட்ட பிறகும் அந்தக் கண் அவளை விடவில்லை.

அவளுடைய உதவியாளன் பிரகாஷை விடாதது அவன் வாய். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வம்பு வளர்க்கத் தெரிந்தவன். மூன்றிலும் அடி வாங்கியவன்.

அன்று காலை மாப்பிள்ளை எவனும் மாட்டவில்லை. பார்வதிதான் மாடிப்படி ஏறி வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. கணவன் தங்கதுரைக்கு இங்கே ஒரு கம்பெனியில் வேலை. இவள் வீட்டிலேயே, ஷிப்டுக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். முகம் அழுது வீங்கியிருந்தது. கையில் ஒரு டிபன் டப்பாவை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“அக்கா, ரெண்டு இருந்துச்சு. நேத்துக் காலைல போய்ப் பாக்கேன், பிஸ்தா இருக்கு. பாதாமைக் காணும்.”

“மளிகைக் கடையில கேட்டுப் பாத்தீங்களா?” என்றான் பிரகாஷ்.

“சின்சில்லாங்க.”

பிரகாஷ் சுகுணாவைப் பார்த்தான். “அது எந்தக் கடையிலங்க விக்கும்?”

எந்தக் கடையில் விற்கும் என்பது பார்வதி குடியிருக்கும் லேஅவுட்டில் எல்லோருக்கும் தெரியும். பெங்களூரில், கண்ணாடிக் கதவு போட்ட கடையில். அணிலுக்கும் முயலுக்கும் நடுவே நின்றுவிட்டது போல ஒரு பிராணி, சாம்பல் நிறம், அப்பளம் அளவு காது. ஏதோ ஒரு தூர தேசத்து மலையில் பிறந்த ஜாதி. வெயில் ஆகாது, தண்ணீர் ஆகாது, சத்தம் ஆகாது. நம் ஊர் மருமகள்களைப் பற்றி மாமியார்கள் சொல்வதெல்லாம் இதற்குத்தான் பொருந்தும். லேஅவுட்டின் மூலை வீட்டு ஸ்ரீராமும் சரிதாவும் இரண்டை வாங்கி வந்து, ஏ.சி. அறையில் கூண்டு கட்டி, பிஸ்தா, பாதாம் என்று பேர் வைத்திருந்தார்கள். ஸ்ரீராம் ஒரு கம்பெனியில் தர மேலாளர். அவர் வீட்டில் மிளகு டப்பாவிலும் லேபிள் இருக்கும், அந்த டப்பா இருக்கும் அலமாரியிலும் ‘மிளகு இருக்கும் இடம்’ என்று லேபிள் இருக்கும்.

இவர்கள் பாலித் தீவுக்குச் சுற்றுலா போக டிக்கெட் போட்டுவிட்டார்கள். பிராணிகளை யாரிடம் விடுவது? பெங்களூரில் நாய், பூனை ஹாஸ்டல் ஒன்று உண்டு. பக்கத்துக் கூண்டில் பூனை இருக்கும் என்று தெரிந்ததும் சரிதாவுக்கு மயக்கம் வந்துவிட்டது. சேலத்தில் இருக்கும் நாத்தனார், பார்த்துக்கொள்கிறேன், எலிப்பொறியை நீங்களே கொண்டு வருவீர்களா என்று வெள்ளை மனதோடு கேட்டாளாம். கடைசியில் லேஅவுட்டிலேயே ஆள் எடுப்பது என்று முடிவாகி, அதற்கு நேர்காணல் வைத்தார்கள். உண்மையாகத்தான். சோபாவில் இரண்டு பேரும் உட்கார்ந்து, எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு. பார்வதி தேறினாள். ஏழு பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு கையேடு கொடுத்தார் ஸ்ரீராம். பார்வதி அதைப் பத்திரமாகச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, சரிதா வாயால் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள்.

“வீட்டுச் சாவி யாருகிட்ட?” என்று கேட்டாள் சுகுணா.

“என்கிட்டதான் இருக்கு. பூட்டு பூட்டுனபடி இருந்துச்சு. கூண்டுக் கதவும் சாத்திதான் இருந்துச்சு. பாதாம் மட்டும் இல்ல. அதுக்கு முந்தின ரெண்டு நாளா சரியாச் சாப்பிடாம, மூலையில சுருண்டு கெடந்துச்சு. அப்படியெல்லாம் ஓடுற நெலமையில இல்லக்கா அது.”

“அந்தம்மாகிட்ட சொல்லிட்டியா?”

“எப்படிச் சொல்லுவேன்? இன்னைக்குச் சாயங்காலம் ஊருக்கு வந்துருவாவ. அவிய திட்டுனா வாங்கிக்கிடுவேன். மோகனப்ரியான்னு ஒரு பொண்ணு, அவ ரெட்டைப் பிள்ளைங்கள என்கிட்டதான் விட்டுட்டு வேலைக்குப் போறா. பிள்ளைங்க போய் வீட்டுல சொல்லிருக்கு. நேத்து வந்து கேக்கா, ஒரு எலியப் பாத்துக்கத் தெரியல, எம்புள்ளைங்கள எப்படிப் பாத்துக்குவன்னு. இன்னைக்கு ஷிப்டு முடிஞ்சு வர்றப்ப அது கெடைக்கலன்னா, வேற எடம் பாத்துக்கிடுதேன்னுட்டா. அவ போனா மத்தவளும் போயிருவா. யாருக்கா அதுக்கு மேல என்னை நம்பிப் பிள்ளைய விடுவா?”

பிரகாஷ் வாயைத் திறந்தான். சுகுணா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

“டப்பால என்ன?”

“திருடன் கூண்டுக்குள்ள வச்சிட்டுப் போயிருக்கான்.” பார்வதி மூடியைத் திறந்தாள். ஒரு வெற்றிலை. நுனியில் மஞ்சள் பூசியிருந்தது. அதன் மேல் ஒரு கைப்பிடித் தவிடு.

*

பார்வதியிடம் சாவியை வாங்கி, மூலை வீட்டுக் கதவைத் தங்கதுரை திறந்துவிட்டான். அன்று அவனுக்கு வார விடுப்பு. வந்தவர்களைக் கூண்டிருந்த அறைக்குக் கூட்டிப் போனான். பிஸ்தா ஒரு பலகை மேல் உட்கார்ந்து, துணை போன துக்கம் சிறிதும் இல்லாமல் காய்ந்த புல்லைக் கொறித்துக்கொண்டிருந்தது. கூண்டோ பளபளவென்று இருந்தது. கம்பிகள் மின்னின. உள்ளே எவர்சில்வர் டப்பா ஒன்று கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

“நம்ம வேலைங்க,” என்றான் தங்கதுரை பெருமையோடு. “அவிய ஊருக்குப் போன அன்னைக்கே வந்து ஃபைவ் எஸ் பண்ணிக் குடுத்தேன். கம்பெனியில போன வருசம் நம்ம லைனுக்குத்தான் ஃபைவ் எஸ் பரிசு.”

வேண்டாததை எடு, வேண்டியதை அடுக்கு, எல்லாவற்றையும் துடை என்று ஜப்பான்காரன் சொல்லிக் கொடுத்த வித்தை. இந்த ஊர்க் கம்பெனிகளில் அது மதம். வீட்டிலும் சிலர் விடுவதில்லை. பார்வதி வீட்டில் ஒரு கரண்டிக்கு மேல் இன்னொரு கரண்டி ஏன் இருக்கிறது என்று போன தீபாவளிக்குச் சண்டையே நடந்தது.

“ஏ.சி. ரூமு, வேலை செய்யாம ஆறு வேளை சாப்பாடு, கிளீனிங்குக்குத் தனி ஆளு,” என்றான் பிரகாஷ், கூண்டைச் சுற்றி வந்தபடி. “எனக்கு ஒரு கூண்டு காலி இருந்தா சொல்லுங்க.”

“கண்ணைத் தொறந்து பாருடா.”

“பாத்துட்டன் மேடம். தவிடு வெச்சி ஆசை காட்டி, புடிச்சிட்டுப் போயிட்டான். இரை.”

“இரை வைக்கிறவன் வெத்தலையில மஞ்சள் தடவுவானா?” சுகுணா டப்பாவை அவன் மூக்கருகே நீட்டினாள். “கேட்டுல நான் பாத்த திருடனெல்லாம் எடுத்துட்டுப் போனவன்தான். ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணை வெச்சிட்டுப் போறவன் திருடன் இல்ல.”

“பின்னே?”

“வாங்கிட்டுப் போறவன்.”

கூண்டுக்கு எதிர்ச் சுவரில் ஒரு சின்னக் கேமரா இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

“இதை யாரு பாக்குறது?”

“சரிதாக்கா போன்ல தெரியுமாம்,” என்றாள் பார்வதி. “தினம் மூணு வேளையும் கூப்பிடுவாங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கூண்டுகிட்ட காட்டச் சொல்லி, அம்மா வந்துருவேன் கண்ணு, அம்மா வந்துருவேன் கண்ணுன்னு பேசுவாங்க. நேத்துலேர்ந்து கூப்பிடல. புண்ணியமாப் போச்சுன்னு இருந்துட்டேன்.”

சுகுணா பச்சை விளக்கையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வெளியே வந்து, லேஅவுட் வாசலில் இருந்த காவலாளி மாடசாமியிடம் போனாள்.

“நேத்துக் காலைல யாராவது புதுசா வந்தாங்களா?”

“புதுசா யாரும் வரலீங்க. பேப்பர்காரன், பால்காரம்மா, தண்ணி கேனு.”

“பால்காரம்மா எந்தெந்த வீட்டுக்குப் போச்சு?”

“எப்பவும் போறதுதாங்க. மூலை வீடு, எதுத்த வீடு...”

“மூலை வீட்டுல ஆளே இல்லியே. யாருக்குப் பாலு?”

மாடசாமி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. தோன்றியிருந்தால் அவர் ஏன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கப் போகிறார்.

*

பால்காரம்மா என்றதும் ஓலைக் குடிசையைத் தேட வேண்டாம். சென்னம்மாளுக்குக் கெலவரப்பள்ளி அணைக்குப் போகும் வழியில் இரண்டு மாடி வீடு, குடைமிளகாய் வளர்க்கப் பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸ், வாசலில் சிங்கம் வைத்த கேட். அந்த லேஅவுட் நிலமே ஒரு காலத்தில் அவளுடைய கேழ்வரகுக் காடு. விற்ற பணத்தில் ஊரையே வாங்கலாம். இருந்தும் ஸ்கூட்டரில் கேன் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் பால் ஊற்றுகிறாள் என்றால், அது பாலுக்காக அல்ல. தன் காட்டில் வீடு கட்டியவர்கள் எப்படிக் குடித்தனம் செய்கிறார்கள் என்று தினம் ஒரு தடவை பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அந்த ஏக்கம் நமக்கும் புரியக்கூடியதுதான்.

“ஏனம்மா, ஊட்டா ஆய்த்தா?” என்று, சாப்பாடு ஆனதா என்பதைக் கன்னடத்தில் விசாரித்துக்கொண்டே பிரகாஷ் உள்ளே நுழைந்தான்.

“ஆச்சுப்பா. நீ சாப்புடறதுக்குத்தான் வந்தியா?”

“இல்லம்மா. ஒரு எலி தேடி வந்தன்.”

“எலி இல்ல அது.” சென்னம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. “எம்புள்ள.”

மாட்டுக் கொட்டகையின் மூலையில், விறகடுப்புச் சாம்பலும் காய்ந்த சாணித்தூளும் கொட்டும் குப்பைமேட்டைச் சுற்றித் தக்காளி கிரேட்டுகளால் வேலி கட்டியிருந்தாள். நடுவே பாதாம். கீழே விழுந்து இந்தப் பக்கம் உருண்டது. எழுந்து உதறியது. மறுபடி விழுந்து அந்தப் பக்கம் உருண்டது. சாம்பல் புகை மாதிரி எழும்பியது. பிறகு ஒரு சோளத்தட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்த ஆள் மாதிரி சாப்பிட ஆரம்பித்தது.

“ரெண்டு நாளா பட்டினி கெடந்த நோயாளி இதுதானா?” என்றான் பிரகாஷ். “எனக்கும் ஒரு பொரட்டு பொரட்டிவிடுங்கம்மா.”

“நேத்து குப்பையில போட்டு எடுத்தன். தவிடு குடுத்து வாங்குனன். போட்ட நிமிசத்துல உருள ஆரமிச்சிச்சி, அப்பறம் ஒரே தீனி. இப்ப இது என் பேர்ல இருக்குது. பேரு திப்பா.”

“கன்னடத்துல திப்பேன்னா குப்பைமேடு, மேடம்,” என்றான் பிரகாஷ். “நம்ம ஊரு குப்புசாமி மாதிரி.”

சுகுணாவுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. வெற்றிலையைப் பார்த்தபோதே பாதி தெரிந்துவிட்டது. பிழைக்குமோ பிழைக்காதோ என்ற பிள்ளையைப் பெற்றவள் குப்பையில் போட, இன்னொருத்தி வந்து எடுத்துத் தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வாள். பிள்ளை இனி அவளுடையது. தேடி வரும் எமனுக்கு விலாசம் குழம்பிவிடும் என்பது கணக்கு. கூரியர்காரனையே குழப்பும் லேஅவுட்டில் எமன் எம்மாத்திரம்.

“கூட்டிட்டுப் போகத்தான் வந்தன்,” என்றாள் சுகுணா.

“அது நடக்காது. வாங்குனத திருப்பிக் குடுத்தா நோவும் கூடவே திரும்பிரும்.”

“உங்களுக்குக் குடுத்தது யாரு?”

“பெத்தவ.”

“பேரு?”

“சத்தியம் வாங்கிட்டா. சொல்ல மாட்டன். சாவி எங்க இருக்குதுன்னு சொன்னா, போனன், தவிட்ட வெச்சன், தூக்கிட்டு வந்தன். திருட்டு இல்ல.”

பிரகாஷ் சுகுணாவை ஒதுக்குப்புறமாக இழுத்தான். “மேடம், கேஸ் முடிஞ்சிது. பார்வதிதான். பயத்துல அதுவே குடுத்துட்டு, நம்மகிட்ட வந்து அழுவுது. சாவி அதுகிட்டதான் இருக்குது.”

“சாவி பார்வதிகிட்ட இருந்தா, எங்க இருக்குதுன்னு இந்தம்மாவுக்கு எதுக்குச் சொல்லணும்? கையில குடுத்துட்டுப் போயிருக்கலாமே. இன்னொரு சாவி இருக்குது. அது இருக்குற எடம் வீட்டுக்காரிக்குத்தான் தெரியும்.”

“வீட்டுக்காரி பாலித் தீவுல இருக்குதே.”

“அங்கிருந்து கேமராவுல பாத்துட்டிருக்குது. மூணு வேளையும் கூப்பிட்டவ, கூண்டுல ஒண்ணு கொறைஞ்சதுக்கு அப்பறம் ஒரு தடவ கூடக் கூப்பிடல. பாதாம் எங்கேன்னு கேக்கல. ஏன் கேக்கல?”

பிரகாஷின் வாய் மெல்லத் திறந்தது. இந்த முறை வம்புக்கு அல்ல.

“தவிட்டுக்குக் குடுக்கற உரிமை அம்மாவுக்குத்தாண்டா. பார்வதி அதைப் பாதாம்னு கூப்பிடுது. ‘அம்மா வந்துருவேன் கண்ணு’ன்னு கூப்பிடுறது யாரு?”

“அந்த ஏழு பக்கம் இங்கிலீஷு வூட்டுலயா?”

“அந்த வூட்டுலதான்.”

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. சாம்பலில் ஆனந்தமாக உருளும் பிராணியைப் பார்த்தபடி சுகுணா தங்கதுரைக்குப் போன் போட்டாள்.

“கூண்டுல ஒரு டப்பா கவுத்து வெச்சிருக்கீங்களே, அதுக்குள்ள முன்னாடி என்ன இருந்துச்சு?”

“தூசிங்க மேடம். சாம்பல் மாதிரி ஒரே பொடி. இவ்வளவு காசு போட்டுக் கூண்டு வாங்கினவிய டப்பாவைக் கவனிக்கலையேன்னு நெனச்சேன். எல்லாத்தையும் கொட்டி, டப்பாவ வெளக்கி வச்சேன்.”

“அதுல இது உருளுமா?”

“அதுக்கா இருந்துச்சு அது?” என்றான் தங்கதுரை, மிகவும் சின்னக் குரலில்.

தண்ணீர் ஆகாத பிராணிக்குப் பொடிதான் குளியல். சரிதா டப்பா நிறையப் போட்டுவிட்டுப் போனதால் வாயால் சொல்லவில்லை. கையேட்டில் ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. கையேடு சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது.

*

சரிதா போனை எடுத்தபோது டாக்சி ஜூஜுவாடியில், எல்லைக்கருகே லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. ஹாரன் சத்தம் கேட்டது.

“பாதாம் இங்க சௌக்கியமா சோளத்தட்டை சாப்பிட்டுட்டு இருக்குதுங்க,” என்றாள் சுகுணா. “சென்னம்மா வீட்டுல.”

சரிதா, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

“அது சுருண்டு கெடந்ததப் பாக்க முடியலங்க. டாக்டருக்குப் போன் பண்ணேன், பெங்களூருக்குக் கொண்டு வாங்கன்னார். நான் இருக்கறது கடலுக்கு அந்தப் பக்கம். எங்கம்மாதான் தவிட்டுக்குக் குடுத்துருன்னு சொன்னாங்க. இவருக்குத் தெரிஞ்சா சிரிப்பார். இவர் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிப்பார்.”

“பார்வதி ரெண்டு நாளா அழுதுட்டு இருக்குது.”

“நாளைக்குத் தோட்டத்துல கெடைச்சுதுன்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

“தோட்டத்துல கெடைச்சா, தப்பிக்க விட்டது பார்வதின்னு ஆவும். ஒருத்தி தன் ரெட்டைப் புள்ளைங்கள வேற எடத்துல விடப்போறா, அவ பின்னாடி மத்தவங்களும் போவாங்க. உங்களுக்குப் போறது மானம். பார்வதிக்குப் போறது பொழப்பு.”

“நான் என்ன பண்ணணும்?”

“நேரா இங்க வாங்க.”

வந்தார்கள். ஸ்ரீராம் தீவில் வாங்கிய பூப்போட்ட சட்டையோடு இறங்கினார். பாதாம் குப்பைமேட்டில் உருள்வதைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். சரிதா தலையைக் குனிந்துகொண்டு, லாரி சத்தத்தில் சொல்லாமல் விட்டதையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். அம்மா சொன்னது, சாவி, வெற்றிலை, மஞ்சள், தவிடு.

பிரகாஷ் சிரிப்பு வரும் என்று காத்திருந்தான். உண்மையைச் சொன்னால் நாமும்தான்.

ஸ்ரீராம் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“அம்மா, இதுல நடைமுறை முழுசா என்ன?” என்று சென்னம்மாளிடம் கேட்டார். “தவிட்டோட முடிஞ்சுதா, இல்ல அதுக்கப்புறம் ஏதாவது இருக்கா? பாதியில விட்டுடக் கூடாது பாருங்க.”

“கொண்டு போய் வளத்துக்கோ. ஆனா என் புள்ள இது. என் பேர்லதான் இருக்கணும். நீங்க பாத்துக்கற ஆளுங்க, அவ்ளோதான். வாய் தவறி எம்புள்ளன்னு சொல்லக்கூடாது, பழைய பேரு சொல்லிக் கூப்பிடக்கூடாது.”

“எது வரைக்கும்?”

“காது குத்தற வரைக்கும்.”

பிரகாஷ் அந்த அப்பளக் காதுகளைப் பார்த்தான். “இதுக்குக் கம்மல் பத்தாதுங்க. வளையல்தான் வாங்கணும்.”

ஸ்ரீராம் அதையும் குறித்துக்கொள்ளப் போனார். சரிதா அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள். குப்பைமேட்டின் ஓரமாகக் குந்தி, கிரேட்டுக்குள் கையை நீட்டினாள். “கண்ணு, அம்மா...” என்று ஆரம்பித்தவள், சென்னம்மாள் தொண்டையைக் கனைத்ததும் நிறுத்திக்கொண்டாள். “திப்பா,” என்றாள். அது வந்து அவள் விரலை மோந்து பார்த்தது. அவள் அழுதுவிட்டாள்.

*

அவர்கள் பார்வதி வீட்டுக்கு வந்தபோது மோகனப்ரியா ஏற்கெனவே வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை. பிள்ளைகளின் பைகள் இரண்டும் அவள் தோளில் இருந்தன. தண்ணீர் பாட்டில், துண்டு, மாற்று உடை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கிளம்புகிற கோலம். பிள்ளைகள் பார்வதியின் சேலையைப் பிடித்துக்கொண்டு வர மாட்டோம் என்று நின்றார்கள். எதிர் வீட்டு ஜன்னல்கள் இரண்டு திறந்திருந்தன. வம்புக்கு ஆள் சேர்க்க இந்தத் தெருவில் யாரும் சிரமப்பட வேண்டியதில்லை.

பிராணி இருந்த பெட்டியோடு இறங்கிய சரிதா, ஜன்னல்களைப் பார்த்தாள். சுகுணாவைப் பார்த்தாள். சுகுணா வேறு எங்கோ பார்த்தாள்.

“பார்வதி தொலைக்கல,” என்றாள் சரிதா. முதலில் சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னாள். “பார்வதி இதைத் தொலைக்கல. நான்தான் அவளுக்குத் தெரியாம எடுக்கச் சொன்னேன். தவிட்டுக்குக் குடுத்தேன்.”

எதிர் ஜன்னலில் ஒரு தலை இரண்டாயிற்று.

“எதை?” என்றாள் மோகனப்ரியா. “இதையா?”

“உடம்பு சரியில்லாம இருந்துச்சு. பயமா இருந்துச்சு.”

மோகனப்ரியா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு சரிதாவைப் பார்த்தாள். அந்த வட்டாரத்தில் இதுவரை சரிதாவை யாரும் அப்படி, கொஞ்சம் இரக்கமாக, பார்த்ததில்லை.

விஷயம் அங்கேயே முடிந்திருக்கலாம். பார்வதி வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி முழுசாக அவளை விட்டு இறங்கியிருக்கும். பிரகாஷ் அதைத்தான் கண்ணால் சொன்னான். தங்கதுரை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அதைத்தான் சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

“அக்கா,” என்றாள் பார்வதி சரிதாவிடம். “அது உடம்புக்கு முடியாமப் போனதுக்குக் காரணம் எங்க வீட்டுக்காரவுகதான். டப்பால இருந்த பொடிய அழுக்குன்னு நெனச்சுக் கொட்டிட்டாவ. நான் கூடவே நின்னேன். நல்லாத்தான் பண்ணுதாவன்னு நானும் நெனச்சேன். எழுதிக் குடுத்தத நான் படிக்கல.”

எதிர் ஜன்னலில் இருந்த தலைகள் இன்னும் கொஞ்சம் வெளியே நீண்டன.

“ஃபைவ் எஸ்ஸா?” என்றார் ஸ்ரீராம்.

“ஆமாங்க சார்,” என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

ஸ்ரீராம் அதற்கு மேல் கேட்கவில்லை. கம்பெனி கம்பெனியாகப் போய் அந்த வித்தைக்கு வகுப்பு எடுப்பவர் அவரேதான்.

மோகனப்ரியா தோளில் இருந்த பைகளைச் சரிசெய்துகொண்டாள். பிள்ளைகளைப் பார்த்தாள். பார்வதியின் முகத்தைப் பார்த்தாள். இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த நமக்கே அந்த நேரம் நீளமாகத்தான் இருந்தது.

“உங்க வீட்டுக்காரரு எம்புள்ளைங்க பையத் தொடக்கூடாது,” என்றாள் கடைசியில்.

“தொட மாட்டாவ.”

“அடுக்கி வெக்கறன்னுகூடத் தொடக்கூடாது.”

“இல்ல.”

மோகனப்ரியா ஒரு பையைக் கழற்றினாள். பிறகு மற்றதை. இரண்டையும் பார்வதியின் கையில் கொடுத்தாள்.

“சின்னவனுக்குச் சளி புடிச்சிருக்குது. நாளைக்குத் தயிர் போடாத, ரசம் சாதம் குடு,” என்றாள்.